வெயிலை நம்பும் வெள்ளைத் துண்டு: ஃபோர்ட் கொச்சி ஹோம்ஸ்டேக்களின் சலவைக் கணக்கு

ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறவர்கள் சீன வலைகளைப் பார்ப்பார்கள். செயின்ட் பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோடகாமாவை முதலில் புதைத்த இடத்தைப் பார்ப்பார்கள். பழைய டச்சு வீடுகளின் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பார்கள். வியர்வையோடு ஹோம்ஸ்டேவுக்குத் திரும்பி, ஒரு குளியல் போட்டுவிட்டு, கட்டிலில் மடித்து வைத்திருக்கும் வெள்ளைத் துண்டை எடுத்துத் துடைத்துக்கொள்வார்கள். அந்தத் துண்டை யார் துவைத்தார்கள், எங்கே காய்ந்தது என்று யாரும் கேட்பதில்லை.

துண்டு நன்றாக இருந்தால் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. லேசாக ஈர வாடை அடித்தால் போதும், அன்று இரவே ரிவ்யூவில் ஏறிவிடும். சொந்த வீட்டில் இரண்டு அறையை ஒழித்துக் கொடுத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு வரி, அடுத்த மாத புக்கிங்கையே ஆட்டிவிடும்.

கட்டிலில் ஒன்று, துவைக்க ஒன்று, அலமாரியில் ஒன்று

கேரளச் சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேக்களை டயமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்திருக்கிறது. வீட்டுக்காரர்களும் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். விருந்தினருக்குச் சில அறைகள் மட்டுமே. பெரிய ஹோட்டல் போல அடித்தளத்தில் லாண்டரியோ, அதற்கென்று ஆட்களோ இருக்க மாட்டார்கள். துண்டுக் கணக்கு பெரும்பாலும் வீட்டம்மா தலையில்தான் விழும்.

அந்தக் கணக்கு எளிமையானது. ஒவ்வொரு கட்டிலுக்கும் மூன்று செட். ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். ஹோட்டல் தொழிலில் இதை ‘பார் ஸ்டாக்’ என்பார்கள்.

இரண்டு அறை, அறைக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டால், ஒரு செட்டுக்கு 4 குளியல் துண்டு, 4 தலையணை உறை, 2 பெட்ஷீட் வேண்டும். மூன்று செட் என்றால் 12 துண்டு, 12 உறை, 6 பெட்ஷீட். காலை 11 மணிக்கு ஒரு குடும்பம் கிளம்பி, 2 மணிக்கு அடுத்த குடும்பம் வந்தால், இடையில் இருப்பது மூன்று மணி நேரம். கடலோரக் காற்றில் தடித்த துண்டு துவைத்துக் காய அந்த நேரம் போதவே போதாது. அலமாரியில் இருக்கும் செட்தான் அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றும்.

தடிமனா, மெல்லிசா?

கடையில் துண்டு வாங்கும்போது ‘ஜி.எஸ்.எம்.’ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. 600-ஐத் தாண்டினால் பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும். தொட்டதும் ஆசை வரும். ஆனால், அது குடிக்கும் தண்ணீரும் அதிகம், காய எடுக்கும் நேரமும் அதிகம். கொச்சி போன்ற ஈரக்காற்று ஊருக்கு 400 முதல் 450 வரை உள்ள துண்டே தோது.

கேரளத்துக்காரர்களிடம் இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு: தோர்த்து. நம் ஊர் ஈரிழைத் துண்டின் தம்பி. மெல்லிய நெசவு, தண்ணீரை உறிஞ்சும், கொடியில் போட்டால் சீக்கிரம் காயும். ஆயுர்வேத எண்ணெய்க் குளியல் முடித்துவரும் விருந்தினருக்கு இதைத் தனியாகக் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். வெள்ளைத் துண்டில் எண்ணெய் ஊறிவிட்டால் எத்தனை முறை துவைத்தாலும் சிக்கு வாடை போகாது. எண்ணெய் சரியாகப் போகாத துணியைச் சூடான டிரையரில் போட்டெடுத்து, அப்படியே மடித்துக் குவித்தால் தானாகத் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

அப்படியானால் ஏன் வெள்ளை? அழுக்கு மறைய முடியாது என்பதால் விருந்தினருக்கு நம்பிக்கை வரும். ஒரு துண்டு கிழிந்தால் அதே நிறத்தில் இன்னொன்று தேடி அலைய வேண்டாம். வெந்நீரோ பிளீச்சோ பட்டால் சாயம் போகுமே என்ற பயமும் இல்லை. மீன் குழம்பு மஞ்சள் கறை, சோப்பு பட்டதும் சிவந்து போய் பயமுறுத்தும். பதற வேண்டாம். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும். கண்மை, உதட்டுச்சாயம் துடைக்க மட்டும் அடர்நிறத்தில் ஒரு சின்னத் துண்டு வைத்துவிட்டால் வெள்ளை தப்பிக்கும்.

புதுத் துண்டை ஒருமுறை துவைத்த பிறகே விருந்தினருக்குக் கொடுக்க வேண்டும். மென்மையாக இருக்கட்டுமே என்று சாஃப்ட்னர் ஊற்றினால், அது நூல் மேல் படிந்து துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் போய்விடும்.

கயிற்றில் தொங்கும் தமிழ்

இந்த வெள்ளைத் துணிகளில் ஒரு பகுதி போய்ச் சேரும் இடம், ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் இருக்கும் தோபி கானா. உள்ளே நுழைந்தால் தமிழ் காதில் விழும். வாடிக்கையாளர்களிடம் மலையாளம் பேசுகிறவர்கள், தங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்கிறார்கள்.

டச்சுக்காரர்கள் 1663-ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தார்கள். தங்கள் படைவீரர்களின் சீருடையை வெளுக்கத் தமிழகத்திலிருந்து வண்ணார் சமூகத்தினரை அழைத்து வந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. டச்சுக்காரர்கள் போனார்கள், ஆங்கிலேயர்கள் வந்தார்கள், அவர்களும் போனார்கள். சலவைக்காரக் குடும்பங்கள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டன. குளக்கரைகளில் துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 1970-களில் இந்தக் கட்டடம் வந்தது.

வரிசையாகத் தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு துவைக்கும் கல். வெளியே மைதானம் முழுக்கக் கயிறு. அந்தக் கயிற்றில் ஒரு கிளிப்கூட இருக்காது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் பெட்ஷீட் பறக்காது, துருக்கறையும் படியாது.

பருத்திப் புடவைக்கும் வேட்டிக்கும் அரிசிக் கஞ்சி உண்டு. வெள்ளைக்கு நீலம் உண்டு. பிறகு கனமான இஸ்திரிப் பெட்டி. யார் வீட்டுத் துணி எது என்பது துணி ஓரத்துச் சலவைக்குறியில் இருக்கும். அந்தக் காலத்தில் சலவைக்காரர்கள் குறி போட்டது சேராங்கொட்டைச் சாற்றில். எத்தனை முறை துவைத்தாலும் அழியாது என்பதால் ஆங்கிலேயர்கள் அந்தக் கொட்டைக்கே ‘தோபி நட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஜூன் வந்தால்...

டிசம்பர் முதல் மார்ச் வரை கவலை இல்லை. பினாலே கலைத் திருவிழா நடக்கும் ஆண்டுகளில் அறை கிடைப்பதே கஷ்டம். ஆனால், வெயில் இருக்கும், கயிறு இருக்கும், கணக்கு ஓடும்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் எல்லாம் மாறும். காலையில் விரித்த பெட்ஷீட்டைப் பத்து மணி மழைக்கு ஓடி எடுத்து, பதினோரு மணி வெயிலுக்கு மறுபடி விரித்து, மதியம் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். ஒரு நாளில் திரும்பிய துணி, இரண்டு மூன்று நாள் எடுக்கும். மூன்று செட் வைத்திருப்பவருக்கு நான்காவது செட் தேவைப்படும். முழுசாகக் காயாமல் மடித்து அலமாரியில் வைத்தால், அதே ஈர வாடை!

இங்கேதான் ஹோம்ஸ்டே வீட்டம்மா ஒரு முடிவெடுக்க வேண்டும். தவணையில் ஒரு டிரையர் வாங்கிவிடலாம். மழையைப் பற்றிக் கவலை இல்லை. கரன்ட் பில் மட்டும் ஏறும். அல்லது, கூடுதலாக ஒரு செட் துணி வாங்கிக்கொண்டு, தோபி கானாவுக்கே அனுப்பலாம். முதலாவது அவர் வீட்டுக்கு வசதி. ஆனால், மழைக்காக வாங்கிய டிரையர், வெயில் காலத்திலும் ஓடத்தான் செய்யும். அப்போது அந்த வீட்டுத் துணி, கயிற்றுக்குத் திரும்பாது.

பத்து வீடுகள் அப்படி முடிவெடுத்தால், ஒரு சலவைக்காரக் குடும்பத்துக்குக் கல்லின் முன் நிற்க வேலை இருக்காது. ஏற்கெனவே அடுத்த தலைமுறை வேறு வேலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நாள் முழுக்க ஈரத்தில் நின்று செய்யும் இந்த வேலைக்குப் பிள்ளைகள் வர வேண்டும் என்று பெற்றோர்களே ஆசைப்படுவதில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், இன்றைக்கும் அந்தக் கல்லை நம்பி இருப்பவர்களுக்கு, கட்டிலில் விரிக்கும் ஒவ்வொரு பெட்ஷீட்டும் ஒரு நாள் கூலியின் பங்கு.

தங்கப் போகிறவர்களுக்கு...

தினமும் துண்டு மாற்றச் சொல்ல வேண்டியதில்லை. குளித்ததும் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துப் போட்டால், இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும். தலைச்சாயம், செருப்புத் தூசி, கடற்கரை மணல் இவற்றுக்கெல்லாம் வெள்ளைத் துண்டைத் தொட வேண்டாம். கேட்டால் பழைய துண்டு ஒன்று கொடுப்பார்கள். கறை பட்டுவிட்டால் ஒளித்து வைக்காமல் அன்றே சொல்லிவிடுங்கள். உடனே அலசினால் போகும் கறை, நான்கு நாள் கழித்துப் போகாது.

எர்ணாகுளத்திலிருந்து வாட்டர் மெட்ரோ படகில் ஃபோர்ட் கொச்சிக்கு வரலாம். அங்கிருந்து ஆட்டோக்காரரிடம் தோபி கானா என்றால் போதும். காலையில் போனால் துவைப்பதைப் பார்க்கலாம். மதியம் போனால் மைதானம் முழுக்க வெள்ளை அசைவதைப் பார்க்கலாம். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம்.

சாயங்காலம் துணிகளைக் கயிற்றிலிருந்து உருவி, இஸ்திரி போட்டு, குறி பார்த்து, வீடு வாரியாக மூட்டை கட்டுவார்கள். அதில் ஒரு மூட்டை நீங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்கும் வரக்கூடும். அடுத்த முறை துண்டை விரிக்கும்போது ஓரத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். சின்னதாக ஒரு குறி இருந்தால், அது கொச்சி வெயிலில் காய்ந்த துண்டு!