ஹோரி ஏன் பொய்ச் சத்தியம் செய்தான்?

பிரேம்சந்தின் 'கோதான்' நாவலைப் பற்றி எழுதும் மாணவர் பலரும் ஹோரியைச் 'சுரண்டப்பட்ட விவசாயி' என்ற ஒரே தொடரில் அடக்கிவிடுவதுண்டு. அது பிழையன்று. அவத் பகுதியின் ஜமீன்தாரி முறையும் வட்டிக்கடனும் அவனை நசுக்குவதை 1936இல் வெளிவந்த அந்நாவல் விரிவாகவே காட்டுகிறது. எனினும், ஒருவனுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லிவிட்டால், அவன் ஏன் அவ்வாறு நடந்துகொண்டான் என்ற வினாவுக்கு விடை கிடைத்துவிடாது.

இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பொதுவான மூங்கிலை விற்கும்போது, தம்பியருக்குத் தெரியாமல் சிறு தொகையை ஒதுக்கிக்கொள்ள ஹோரி முயல்கிறான். பின்னர், தம்பி ஹீரா பொறாமையால் ஹோரியின் பசுவுக்கு நஞ்சிடுகிறான். அன்றிரவு அவனைப் பசுவின் அருகே கண்ட ஹோரி, ஊரார் முன்னிலையில் தான் காணவில்லை என்று மகன் கோபரின் தலைமீது கைவைத்துச் சத்தியம் செய்கிறான். ஹீராவின் வீடு சோதனையிடப்படாதிருக்க, காவல் அதிகாரிக்குக் கையூட்டுத் தரக் கடன் வாங்கவும் துணிகிறான்.

இதற்குச் சகோதர பாசமே காரணம் என்றால், மூங்கில் பேரம் இடிக்கிறது. அவன் தன்னலக்காரன் என்றால், சத்தியம் இடிக்கிறது. இரண்டையும் இணைப்பது குடும்ப மானம் பற்றிய அவனது எண்ணம். மறைவில் தம்பியை ஏமாற்ற அவன் மனம் இடங்கொடுக்கிறது. ஊரறியத் தம்பி தலைகுனிவதை அது பொறுக்கவில்லை. பிரிந்து வாழ்ந்தாலும் ஹீராவின் வீட்டுக்கு நேரும் இழுக்கு தன் வீட்டுக்கும் உரியது என்றே அவன் கருதுகிறான்.

இந்த மானத்தின் விலையை முதலில் கணக்கிடுபவள் அவன் மனைவி தனியா. கையூட்டுப் பணத்தைப் பறித்து அவள் வீசியெறிகிறாள். குடும்பத்தின் வயிற்றில் அடித்துக் காக்கப்படும் பெருமையை அவள் ஏற்பதில்லை. ஆயினும், மகனால் கருவுற்று வந்து நிற்கும் ஜுனியாவுக்கு அடைக்கலம் தந்து, ஊரின் பழியை ஹோரியோடு சேர்ந்து சுமப்பவளும் அவளே.

ஆகவே, ஒரு பாத்திரத்தின் நோக்கத்தைத் தேடுவோர் அதன் செயலை மட்டுமன்றி, அது யார் முன்னிலையில் நிகழ்கிறது, அதன் விலையை யார் கொடுக்கிறார் என்பவற்றையும் கேட்க வேண்டும். வறுமை ஹோரிக்கு முன்னிருந்த வழிகளைக் குறுக்கியது, முற்றாக அடைத்துவிடவில்லை. அவனைப் பலியாக மட்டுமே வாசித்தால், அவன் செய்த பிழைகளோடு அவனுக்கு எஞ்சியிருந்த சிறு தேர்வுரிமையும் வாசிப்பிலிருந்து மறைந்துபோகும்.