அண்ணாவின் புற்றரை

புல் முளைப்பது இயற்கை. அதனை முளைப்பிக்க மனிதன் படும் பாடோ இயற்கையோடு இடும் வழக்கு. முதலாவதைப் பேராதனையிற் கண்டேன். இரண்டாவதை யாழ்ப்பாணத்தில் எம் வீட்டு முற்றத்திற் கற்றேன்.

பேராதனையிற் பயிலும் எவருக்கும் புல் ஒரு பொருட்டன்று. விடுதி வாசலிலும் விரிவுரை மண்டபச் சரிவிலும் அது தானே தழைத்து நிற்கும். 1821ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட தாவரவியற் பூங்காவின் பெரும்புற்றரையில், சாவக அத்திமரத்தின் நிழலில் அமர்ந்து பேசாத மாணவர் எம்முள் மிகச் சிலரே. அப்பசுமைக்கு ஆண்டின் பல மாதங்களிலும் மழை பொழிகிறது என்ற உண்மை அப்போதெல்லாம் என் சிந்தையில் எழுந்ததில்லை.

வெளிநாட்டிலிருந்து அண்ணா அனுப்பிய பணத்திலே எம் வீடு திருத்தப்பட்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "தம்பி, முன்முற்றத்திலை புல்லுப் போட்டு விடு. நான் வந்து நிக்கேக்கை பச்சையாய் இருக்கவேணும்."

முற்றம் அம்மாவின் ஆட்சிக்குட்பட்ட நிலம். விடியலிற் கூட்டி, சாணத் தண்ணீர் தெளித்து, வெண்மணலில் விளக்குமாற்றின் வரிகள் தெரிய அவர் அதனை வைத்திருப்பார். ஒடியல் காய்வதும், மிளகாய் காய்வதும், மாலையில் அயலவர் வந்திருந்து கதைப்பதும் அங்கேதான். கூரையில்லாத ஓர் அறை அது எனலாம். ஆயினும் மூத்த மகன் கேட்டதை அவர் மறுக்கவில்லை.

மார்கழி விடுமுறையில் நாற்பதடி நீளமும் இருபத்தைந்தடி அகலமுமான நிலத்தைக் கொத்தி, மலேசியப் புல் என்ற பெயரில் விற்கப்படும் அகன்ற இலைப் புல்லைப் பதித்தேன். தையில் அது கண்ணைப் பறித்தது. படம் பிடித்து அண்ணாவுக்கு அனுப்பினேன். அவர் மகிழ்ச்சி என் மகிழ்ச்சியாயிற்று.

வைகாசியில் நீண்ட விடுமுறைக்கு வந்தபோது நான் கண்ட காட்சி வேறு. புல்லைவிடக் கோரையே மிகுந்திருந்தது. அதனைப் பிடுங்குவதில் ஒரு பயனுமில்லை. மேலே தண்டு கைக்கு வரும், கீழே கிழங்கு நிலத்தில் நிற்கும், மூன்றாம் நாள் மீண்டும் தலைகாட்டும். ஓரங்களில் நெருஞ்சி காலைக் குத்தியது. வெயில் பட்ட இடமெல்லாம் வாங்கிய புல் வைக்கோலாயிற்று. ஆனியிற் சோளகக் காற்று பிறந்ததும் எஞ்சியிருந்த ஈரத்தையும் அது துடைத்துச் சென்றது.

நீர் ஊற்றினேன். புவியியல் பயிலும் மாணவனாதலால் கணக்கும் பார்த்தேன். எம் புற்றரையின் பரப்பு ஏறத்தாழ 93 சதுரமீற்றர். நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் என்றாலும் 465 லீற்றர் வேண்டும். வாளிக்கணக்கில் ஏறக்குறைய நாற்பது. அம்மா கணக்குப் பார்க்கவில்லை. "உந்தத் தண்ணியை நாலு கத்தரிக்கு ஊத்தினால் ஒரு கறியாவது ஆகும்" என்று மட்டும் சொன்னார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஆறு. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளிலே தேங்கும் மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அதுவே எம் கிணறு. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால் அதன் கீழே நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது கொள்கை. எனவே மேலே ஓரடி குறைந்தால், கீழிருந்து உவர் நாற்பதடி ஏற இடமுண்டு. இதனைப் பரீட்சை விடைத்தாளில் படம் வரைந்து விளக்கிப் புள்ளியும் பெற்றவன் நான். வீட்டிலோ மோட்டரைப் போட்டுவிட்டுப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடியில் ஒருநாள் தேநீரிற் கரிப்புத் தெரிந்தது. அயலில் வீட்டுக்கு வீடு மோட்டர் இருக்கையில் எம் புல்லே முழுக் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் எம் கிணற்றில் நாள்தோறும் குடிநீர் அள்ளும் பக்கத்து வீட்டு ஆச்சி, சில நாட்களாக வரவில்லை என்பது அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது. விடியலிற் கேட்கும் கப்பியின் ஓசை நின்றிருந்தது. அவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிற் கிணற்றுக்கு நடந்துகொண்டிருந்தார். எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

இன்னொரு குற்றமும் உண்டு. அண்ணா கேட்கும்போதெல்லாம் தையிற் பிடித்த படங்களையே மாற்றி மாற்றி அனுப்பி வந்தேன். அன்றிரவு உண்மையைச் சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் மௌனம்.

"அப்ப ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?" என்றார். பின்னர், "நான் இருக்கிறது பத்தாம் மாடியடா. வேலைக்குப் போற வழியிலை வீட்டுக்கு வீடு புல்லு. ஒரு நாளும் அதிலை கால் வைச்சதில்லை" என்றார். அவர் கேட்டது புல்லையன்று என்பது எனக்கு அப்போது விளங்கிற்று.

வீட்டுப் புற்றரை என்பது ஆங்கிலப் பிரபுக்களின் மாளிகை முன்றல்களிற் செழித்த வழக்கம். அங்கே நீரூற்றுவது வானம். வெட்டுவதற்கு ஆடுகளும் அரிவாளேந்திய கூலியாட்களும் இருந்தனர். 1830இல் எட்வின் பட்டிங் என்பார் புல்வெட்டும் பொறியை அமைத்த பின்னரே அது படிப்படியாக நடுத்தர வீடுகளுக்கும் வந்தது. மழையை விட்டுவிட்டு மாதிரியை மட்டும் எடுத்து வந்தால் அதன் விலையைக் கிணறுதான் கொடுக்கவேண்டும்.

மறுநாள் முதல் நீரூற்றுவதை நிறுத்தினேன். ஐப்பசி மழையோடு கிணறு ஊறிற்று; சில வாரங்களிற் கரிப்பும் தணிந்தது. முற்றத்தின் ஓரத்தில் நடாத ஒரு புல் தானாகவே கிளைவிட்டுப் படர்ந்தது. அறுகு! மலேசியப் புல்லைக் காக்கவென்று களையாக எண்ணி நான் பிடுங்கியெறிந்த அதே அறுகு. வெப்ப நாடுகளின் விளையாட்டு மைதானங்களிலெல்லாம் பெர்முடாப் புல் என்ற பெயரில் விரும்பி வளர்க்கப்படுவது இதுவே என்பதைப் பின்னர் நூலகத்திற் படித்தறிந்து வெட்கினேன். அறுகுபோல் வேரோடி வாழ்க என்று மணமக்களை வாழ்த்தும் இனத்திற் பிறந்தவனுக்கு அதன் வேர் தெரியாமற் போயிற்று.

இப்போது முற்றத்திற் பாதி அம்மாவின் மணல், பாதி அறுகு. கோடையில் அது பழுப்பேறும், மாரியில் மீளும். பிள்ளையாருக்கு வேண்டியதை அம்மா அங்கேயே கிள்ளுகிறார். அண்மையில் அதனைப் படம் பிடித்து, திகதியையும் எழுதி, அண்ணாவுக்கு அனுப்பினேன். திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. "வந்து செருப்பில்லாமல் நடக்கிறேன்" என்று பதில் வந்தது.

ஆச்சி மீண்டும் வருகிறார். விடியலிற் கப்பி ஒலிக்கிறது.