நாடா தைக்காத சட்டை

சென்ற ஐப்பசி மாதத்தில் நமக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. சர்க்கார் சேவகத்திலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆன பிறகு, இப்படி ஒரு பதவி நம்மைத் தேடிக்கொண்டு வரும் என்று நாம் சொப்பனத்திலும் நினைத்ததில்லை. சம்பளம் கிடையாது, வேளாவேளைக்குக் காப்பி உண்டு. வேலை இதுதான்: ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது.

"இது என்ன பிரமாதமான வேலை?" என்று நேயர்கள் அலட்சியமாக எண்ணிவிடக் கூடாது. மெல்லிய துணிக்கு மெல்லிய ஊசி வேண்டும். மெல்லிய ஊசியின் காது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே, அறுபது வயதுக்கு மேல், ஒரு தனித் தவம் செய்ய வேண்டும். நம் இல்லாளுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. நமக்கோ மூக்குக் கண்ணாடியின் தயவினால் பார்வை சுமாராக வேலை செய்துகொண்டிருந்தது. ஆகவே, போட்டியில்லாமல் நாமே தேர்ந்தெடுக்கப்பட்டோம்.

ஆனால் இந்த உத்தியோகம் உண்டாவதற்கு முன்னால் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நம் புதல்வி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தித் தலைப்பிரசவத்துக்காக அவளை மாயவரத்துக்கு அழைத்து வந்தோம். வந்து இறங்கியவள் காப்பி குடிக்கக் கூட நேரம் கொடுக்காமல் பெட்டியைத் திறந்தாள். ஒரு கட்டுப் புதிய மல் துணி, வெள்ளை நூற்கண்டுகள், ஒரு சிறு கத்தரிக்கோல் எல்லாவற்றையும் எடுத்துக் கூடத்தில் பரப்பினாள்.

"அம்மா! குழந்தைக்கு வேண்டிய சட்டைகளையெல்லாம் நானே தைக்கப் போகிறேன். உன் பழைய மிஷினைத் துடைத்துக் கொடு" என்றாள்.

இல்லாள் பதில் சொல்லவில்லை. துணிக்கட்டை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். "குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும், அப்புறம் தைக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

பிறவாத பிள்ளைக்குப் புதுத் துணி எடுக்கக் கூடாது, தொட்டில் வாங்கக் கூடாது, பெயரைக் கூடத் தீர்மானிக்கக் கூடாது என்பது நம் பக்கத்தில் அநேகக் குடும்பங்களில் உள்ள வழக்கம். பிறந்த குழந்தையை முதலில் பழைய வேஷ்டித் துண்டிலோ நூல் புடவைத் துண்டிலோதான் சுற்றுவார்கள். பல தடவை துவைத்த துணி மிருதுவாயிருக்கும் என்பது ஒரு காரணம். கண்ணேறு பட்டுவிடும் என்பது மற்றொரு காரணம். இரண்டாவது காரணத்தைக் கேட்டதும் நம் புதல்வி சிரித்தாள்.

"பின்லாந்து தேசத்தில் 1938-ம் வருஷத்திலிருந்தே, கர்ப்பிணிகளுக்குக் குழந்தைத் துணிமணிகளை ஒரு பெட்டியில் போட்டுப் பிரசவத்துக்கு முன்பே சர்க்கார் கொடுக்கிறார்கள், அப்பா! அந்த அட்டைப் பெட்டியிலேயே குழந்தையைப் படுக்க வைக்கலாம். அவர்களுக்கெல்லாம் கண் படவில்லையா?" என்று நம்மிடம் முறையிட்டாள்.

நியாயமான கேள்விதான். நம் தமிழ்நாட்டு அரசாங்கமும் 2015-ல் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவித்த தாய்மாருக்கு 16 சாமான்கள் அடங்கிய பெட்டகம் ஒன்று கொடுக்கத் தொடங்கிற்று. துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, கிலுகிலுப்பை எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அதைப் பிள்ளை பிறந்த பிற்பாடுதான் கையில் கொடுத்தார்கள். நம் நாட்டுப் பாட்டிமார்களின் சுபாவம் அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது என்றே நாம் எண்ணுகிறோம்.

அந்தப் பாட்டிமார்களை நாம் பரிகாசம் செய்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 1971-ம் வருஷத்துக் கணக்குப்படி, இந்தியாவில் உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்கு முன் இறந்தன. அதாவது ஏறக்குறைய எட்டில் ஒன்று. 2020-ல் அந்த எண் 28 ஆகிவிட்டது, தமிழ்நாட்டில் 13. எட்டுத் தொட்டில்களில் ஒன்று காலியாகும் தேசத்தில், தொட்டிலை முன்கூட்டியே வாங்கி வைக்க எந்தத் தாய்க்குத் தைரியம் வரும்? காலித் தொட்டிலைப் பார்க்கும் வேதனையையாவது மிச்சப்படுத்தலாம் என்று யாரோ ஒரு கிழவி நினைத்திருக்கிறாள். அதையே பிறகு சாஸ்திரம் போல் ஆக்கிவிட்டார்கள். இது நம்முடைய அபிப்பிராயம். ஆராய்ச்சியாளர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

தாயையும் மகளையும் சமாதானப்படுத்த நாம் ஒரு யுக்தி கண்டுபிடித்தோம். புதுத் துணியில் தைத்தால்தானே தோஷம்? பழைய வேஷ்டியில் தைத்தால்? நம் தகப்பனார் கடைசி வரையில் கதர்தான் உடுத்தினார். கதர் வேஷ்டி முதலில் முரடாக இருக்கும். கையால் நூற்ற நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். துவைக்கத் துவைக்க அது பூப்போல் ஆகிவிடும். அவருடைய வேஷ்டிகள் நாலைந்து மரப்பெட்டியின் அடியில் கிடந்தன. "அதை எடுத்துக் கொண்டு வா, அம்மா!" என்று புதல்வியை அனுப்பினோம். நம் புத்திசாலித்தனத்தை நாமே மெச்சிக்கொண்டு சாய்வு நாற்காலியில் சாய்ந்தோம்.

அவள் வேஷ்டிகளோடு திரும்பி வரவில்லை. கையில் ஒரு சிறு துணி மூட்டையோடு வந்தாள். அவிழ்த்தாள். உள்ளே பன்னிரண்டு குழந்தைச் சட்டைகள். கசங்காமல் மடித்தது மடித்தபடி, ஓரங்களில் மட்டும் பழுப்பேறி இருந்தன. ஒவ்வொன்றின் மார்பிலும் மஞ்சள் நூலினால் ஒரு வாத்து.

"இதெல்லாம் என்னுடைய சட்டைகளா, அப்பா?"

நாம் பேச்சற்றுப் போனோம். அந்தச் சட்டைகளை எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டாள் என்றுதான் இத்தனை காலமும் எண்ணியிருந்தோம். சமையலறை வாசலில் இல்லாள் நின்றுகொண்டிருந்தாள்.

"உன்னுடையது இல்லை. உன் அண்ணனுடையது" என்றாள்.

1988-ம் வருஷம் நமக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தான். அவனுக்காக ஐந்தாம் மாதம் முதலே இல்லாள் தைக்க ஆரம்பித்தாள். கலியாணச் சீராக வந்த மிஷின் அது. இயந்திரங்களைக் கண்டித்த காந்தியடிகளே 1924-ல் தையல் மிஷினுக்கு மாத்திரம் விலக்குக் கொடுத்தார் என்று அந்நாளில் நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தன் தாயார் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேளாமல், பன்னிரண்டு சட்டைகளையும் அவள் முடித்தாள். பையன் எட்டாம் மாதம் தொடங்குவதற்குள் பிறந்துவிட்டான். எடை ஒன்றரைக் கிலோ கூட இல்லை. பஞ்சில் சுற்றி வைத்திருந்தார்கள். சட்டைகள் எல்லாம் அவனுக்குப் பெரிதாக இருந்தன; ஒன்றைக் கூட அவன் உடுத்தவில்லை. ஆறு நாள் இருந்தான். "பிறக்கும் முன் தைக்காதே என்று சொன்னேனே!" என்று அவள் தாயார் அழுதுகொண்டே ஒரு வார்த்தை சொன்னாள். துக்கத்தில் வந்த வார்த்தை. அந்த அம்மாள் அதை மறுநாளே மறந்திருக்கலாம். கேட்டவள் மறக்கவில்லை. பிறகு 1993-ல் இந்தப் பெண் பிறந்தபோது வீட்டில் ஊசியே எடுக்கப்படவில்லை.

இவ்வளவையும் நம் புதல்வி அன்றுதான் முதல் முதலாகக் கேட்டாள். மூட்டையை மறுபடி கட்டி, எடுத்த இடத்திலேயே வைத்தாள். அப்புறம் தையலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளும் மூன்று நாள் அப்படித்தான் இருந்தது.

நாலாம் நாள் டாக்டர் அம்மாளிடம் பரிசோதனைக்குப் போனோம். புதல்வி என்ன நினைத்தாளோ, தாயார் பக்கத்தில் இருக்கும்போதே, "குறை மாதத்தில் சின்னதாகப் பிறக்கும் குழந்தைகளை இப்போது எப்படிக் காப்பாற்றுகிறார்கள், டாக்டர்?" என்று கேட்டாள். டாக்டர் அம்மாள் மருந்துகளையும் கருவிகளையும் பற்றிச் சொல்லிவிட்டு, மற்றொரு விஷயமும் சொன்னார். 1978-ல் தென் அமெரிக்காவில் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்பின் மீது, தோலோடு தோல் படும்படி, கங்காரு தன் குட்டியை வைத்துக்கொள்வது போல், வைத்துக் கட்டி வளர்க்கத் தொடங்கினார்களாம். தாயின் உடம்புச் சூடே குழந்தைக்குச் சூடு, பாலும் பக்கத்திலேயே. 2022-ல் உலகச் சுகாதார ஸ்தாபனமும், இதைப் பிறந்தவுடன் கூடிய விரைவில் தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

"அப்படியானால், அந்தக் குழந்தைக்குச் சட்டையே வேண்டியதில்லையா?" என்று இல்லாள் கேட்டாள்.

"ஒரு குல்லாவும் இடுப்புத் துணியும் போதும், அம்மா. மற்றதெல்லாம் தாயார்தான்."

1988-ல் நம் வீட்டாருக்கு இதைச் சொல்வார் இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் இல்லாள் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அன்று மாலை விளக்கேற்றியானதும் மரப்பெட்டியைத் தானே திறந்தாள். நம் தகப்பனாரின் வேஷ்டி ஒன்றைக் கூடத்தில் விரித்தாள். மூட்டையிலிருந்து ஒரு வாத்துச் சட்டையை எடுத்து அதன் மேல் வைத்து, சுற்றிலும் சுண்ணக் கட்டியால் கோடு போட்டாள்.

"மாதிரி இல்லாமல் வெட்டினால் கைக்குழி சரியாக வராது" என்றாள் மகளிடம். "கத்தரிக்கோலை எடுத்துக் கொண்டு வா."

அப்படியாகத்தான் நம் உத்தியோகம் ஆரம்பமாயிற்று.

குழந்தைச் சட்டை தைப்பதில் இவ்வளவு நுட்பங்கள் உண்டு என்பது நமக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. பிறந்த சிசுவுக்குக் கழுத்து நிற்காது. தலை வழியாக மாட்டும் சட்டை உதவாது. முன்பக்கம் முழுவதும் திறந்து, ஒரு பக்கம் மற்றொரு பக்கத்தின் மேல் படியும்படி வெட்டி, நாடாவினால் முடிச்சுப் போட வேண்டும். பொத்தான் கூடாது, படுத்தால் உறுத்தும், அறுந்தால் வாய்க்குள் போகும். தையலும் மடிப்பும் வெளிப்பக்கம் தெரிய வேண்டும், உள்பக்கம் வழவழவென்று இருக்க வேண்டும். நமக்கு உள்ளே அழகில்லாவிட்டாலும் வெளியே அழகாயிருந்தால் போதும். குழந்தைக்கு நேர் விரோதம்! மிஷின் தையல் அழுத்தமாக விழும் என்று கழுத்தோரத்தை மட்டும் கையாலேயே தைத்தாள். நூல் குட்டையாக இருந்தால் சிக்காது என்பதனால் முழ நூல்தான் கோக்க வேண்டும் என்பது நமக்கு இடப்பட்ட உத்தரவு. எனவே நமக்கு ஓய்வே இல்லை.

நிறத்தைப் பற்றி விவாதம் எழவில்லை. பிள்ளையா பெண்ணா என்று முன்கூட்டிச் சொல்வதை 1994-ம் வருஷத்துச் சட்டம் தடுத்திருக்கிறது. வேஷ்டியின் வெள்ளை இரண்டுக்கும் பொது. தைத்தவற்றைக் கொதிக்கும் நீரில் போட்டெடுத்து வெயிலில் உலர்த்த வேண்டும் என்றார்கள். கார்த்திகை மாதத்து மாயவரத்தில் வெயிலுக்கு எங்கே போவது? கூடத்துக் கொடியில் மின்சார விசிறிக்குக் கீழே, குட்டிக் குட்டிக் கைகளை நீட்டிக்கொண்டு, ஏழு சட்டைகளும் இரண்டு நாள் ஆடிக்கொண்டிருந்தன. தபால்காரர் கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு சிறு யுத்தமும் நடந்தது. தலை உருண்டையாக வரும் என்று இல்லாள் கடுகு நிரப்பிய தலையணை ஒன்று தைத்தாள். குழந்தையை மல்லாத்திப் படுக்க வைக்க வேண்டும், பக்கத்தில் தலையணையோ தளர்ந்த துணியோ இருந்தால் மூச்சு முட்ட இடமுண்டு என்று டாக்டர் அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "உன் தலை எதில் உருண்டையாயிற்றாம்?" என்று தாயார் கேட்க, "என் தலையைப் பார்த்துத்தான் வேண்டாம் என்கிறேன்" என்று மகள் சொல்ல, கடுகு டப்பாவுக்கே திரும்பிற்று. அந்த மாதம் முழுவதும் நம் வீட்டுத் தாளிதத்துக்குக் குறைவில்லை.

எல்லாம் ஆயிற்று; நாடா மட்டும் தைக்கவில்லை. வெட்டி, மடித்து, ஓரம் தைத்த நாடாக்கள் ஒரு காகிதப் பொட்டலத்தில் தனியாக இருந்தன. "அதையும் தைத்துவிடலாமே, அம்மா" என்றாள் புதல்வி.

"நாடா இல்லாவிட்டால் அது சட்டை இல்லை, வெறும் துணி. இவ்வளவுக்கு நான் வந்துவிட்டேன். இது ஒன்றை மட்டும் விட்டுவிடு" என்றாள் இல்லாள். புதல்வி இந்தத் தடவை சிரிக்கவில்லை. நம்மைப் பார்த்து, "அப்பா, ஏழு ஊசியில் நூல் கோத்து வைத்துவிடுங்கள்" என்றாள். ஒரு துண்டுக் கம்பளியில் ஏழு ஊசிகளையும் குத்தி, ஆஸ்பத்திரிப் பைக்குள் வைத்தோம்.

தை மாதம் பிறந்து பத்தாம் நாள், இரவு ஒரு மணிக்கு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் நாமும் இல்லாளும் உட்கார்ந்திருந்தோம். அவள் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள். நாலரை மணிக்கு உள்ளேயிருந்து ஓர் அழுகைச் சப்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்தாள்.

"பெண் குழந்தை, பாட்டி. இரண்டு கிலோ தொள்ளாயிரம். இரண்டு பேரும் சௌக்கியம்."

இல்லாள் உடனே பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"சட்டைக்கு இப்போது அவசரமில்லை, பாட்டி. குழந்தை அம்மாவின் மார்மேல் படுத்திருக்கிறது, மேலே போர்த்தியிருக்கிறோம். ஒரு நாள் கழித்துத்தான் குளிப்பாட்டுவோம்."

"இருக்கட்டும்" என்றாள் இல்லாள். மேலாக இருந்த சட்டையை எடுத்து மடியில் விரித்தாள். நாடா ஒன்றை அதன் ஓரத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, கம்பளியிலிருந்து ஓர் ஊசியை உருவினாள். ஓட்டத்தில் நூல் நழுவியிருந்தது. ஊசியை நம்மிடம் நீட்டினாள்.

தாழ்வாரத்து விளக்கு மங்கல். கை வேறு நடுங்கிற்று. மூன்றாம் தடவையில்தான் நூல் காதில் நுழைந்தது.