சத்தமே சங்கீதம்!

கும்மிடிப்பூண்டி லோக்கலில் இறங்கி சிப்காட் பக்கம் போனால் ஓசியில் கச்சேரி! பிரஸ் மெஷின் 'டமால் டமால்' தாளம், கம்ப்ரஸர் சுருதி.

இத்தாலி ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ கேட்டால் சொக்கியிருப்பார். இரைச்சலும் இசைதான் என்று 1913-ல் அறிக்கை விட்ட ஆசாமி! மரப்பெட்டிக்குள் சக்கரம், அது உரசும் தந்தி, தந்தி அதிரவைக்கும் தோல், முன்னால் குழாய். கைப்பிடியைச் சுற்றினால் உறுமும், சீறும். 1914-ல் மிலான் நகரக் கச்சேரியில் அடிதடியே நடந்தது!

இருபது வருஷம் பிரஸ் ஷாப்பில் நின்ற சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன்.

"என்னடா?" என்று இடது காதைத் திருப்பினார். கத்திச் சொன்னேன்.

"அந்தாளு கைப்பிடியை விட்டா சத்தம் நின்னுடும். எனக்கு ராத்திரியும் 'ஙொய்'ங்குதே... இதுக்குக் கைப்பிடி எங்கடா?"