கிணற்றடிக் கல்லொலி

கடலைக் காணாத இராசபாளையத்தில் வளர்ந்த எமக்குத் தோட்டத்துக் கிணறே கடல். கோடை விடுமுறையில் யாமும் எம் தமையனாரும் அண்டைவீட்டுச் சிறுவர்களும் அங்கே ஒரு விளையாட்டு ஆடுவோம். ஒருவர் இரு கூழாங்கற்களுடன் மூழ்கி அடியிலிருந்து தட்டுவார். ஏனையோர் தலையை நீரில் அமிழ்த்தி, எத்தனை தட்டு என்று எண்ணிச் சொல்வர். படியில் நிற்பவருக்கு ஏதும் கேளாது. நீருக்குள் செவி நுழைந்தால் அருகே தட்டுவது போலிருக்கும்.

ஒருநாள் தமையனாரின் கால், மோட்டார்க் குழாயில் கட்டியிருந்த கயிற்றில் சிக்கியது. அவர் விடாது தட்டியிருக்கிறார். யாமோ படியிலமர்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தோம். தலை அமிழ்த்தியிருந்த சிறுவன் ஒருவன் கேட்டு, பாய்ந்து கயிற்றை விடுவித்தான். அத்தாவிடம் இதனை இன்றளவும் யாம் உரைத்ததில்லை. இம்மலர் அவர் கைக்குப் போகாதிருக்கட்டும்!

நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். காற்றில் 340 மீட்டரே. எனினும் நீர்ப்பரப்பைக் கடந்து காற்றுக்கு வர அதனால் எளிதில் இயலாது. மோதிப் பெரும்பகுதி திரும்பிவிடும். வானொலி அலைகளையோ உப்புநீர் விழுங்கிவிடும். ஆகவே, மேலைநாடுகளில் தம் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு நீர்மூழ்கி அமைப்போரும் ஒலியையே நாடுகின்றனர். ஒலித்துடிப்பை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தால் தொலைவை அளப்பது சோனார். பேச்சை உயர் அதிர்வெண் ஒலியாக்கி அனுப்புவது நீரடித் தொலைபேசி.

2023 சூன் 18 அன்று, டைட்டானிக்கின் சிதைவைக் காண ஐவருடன் இறங்கிய டைட்டன் என்னும் தனியார் கலத்திலிருந்து செய்தி நின்றுபோயிற்று. நான்கு நாள் உலகம் காத்திருந்தது. கலம் நொறுங்கிய ஒலியை அமெரிக்கக் கடற்படையின் நீரடிச் செவிகள் முதல் நாளே பதிந்திருந்தன என்று பின்னர் அறிந்தோம். அவ்வைவருள் ஒரு தந்தையும் மகனும் இருந்தனர். அன்றிரவு எமக்கு உறக்கமில்லை.

மீன் வயிற்றிருளிலிருந்து யூனுஸ் நபி (அலை) அவர்கள் இறைஞ்சியபோது கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. நமக்கு வேண்டும். சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் மூவர் அமர்ந்து 6,000 மீட்டர் ஆழம் செல்ல மத்ஸ்யா 6000 கலத்தை உருவாக்கி, 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் சோதித்தது. ஆழம் குறைந்த அந்நீரில் நீரடிப் பேச்சு எதிர்பார்த்த அளவு தெளிவுறவில்லை. இதில் எமக்கு வியப்பில்லை. ஆழங்குறைந்த இடத்தில் மேற்பரப்பிலும் தரையிலும் மோதி வரும் எதிரொலிகள் ஒரு சொல்லின் மேல் அடுத்த சொல்லை ஏற்றிவிடும். கிணற்றிலும் யாம் கத்திப் பார்த்ததுண்டு. சொல் புரியாது, தட்டு மட்டும் புரியும். ஆழ்கடலில் வேறொரு தொல்லை: 6,000 மீட்டரிலிருந்து ஒரு சொல் மேலே வர நான்கு நொடி, மறுமொழி இறங்க மேலும் நான்கு நொடி.

தமையனார் இப்போது திருவில்லிபுத்தூரில் வாழ்கிறார். சென்ற பெருநாளன்று இச்செய்தியை அவருக்குப் படித்துக் காட்டினோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவாறே, “மேலே யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்?” என்று மட்டும் வினவினார்.