நிறத்துக்கொரு சட்டம்

எந்தப் புத்தகக் கடையிலும் ‘புதுசா என்ன வந்திருக்கு?’ என்று கேட்டால் ஒரு தலைப்பையும் ஒரு ஆசிரியர் பெயரையும் சொல்வார்கள். சென்னை திருவான்மியூரில், கடலை ஒட்டிய குப்பம் கடற்கரைச் சாலையில் இருக்கும் தாரா புக்ஸ் கடையில் சில புத்தகங்களுக்கு வேறு மாதிரி பதில் வரும். “அச்சு முடிஞ்சுது. இன்னும் காயல. மழை விடட்டும், அப்புறம்தான் தையல்.”

புத்தகம் காய்வதாவது என்று நினைப்பவர்கள் அங்கே ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ என்ற புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். முதலில் வந்தது 2006இல். பருத்திக் கழிவிலிருந்து கையால் செய்த கெட்டித் தாள், கன்னங்கரேலென்ற நிறம். அதன்மேல் பக்கத்துக்கு ஒரு மரம். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாலும் கோடு தட்டுப்படும். மை தாளுக்குள் இறங்கிவிடாமல் மேலே படிந்து நிற்கிறது. வாசனையும் விடுவதாக இல்லை. பிரித்த கையை முகர்ந்தால் மை. பிரதியின் எண்ணைக் கையால் எழுதியிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்து கோண்ட் ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த மரங்கள் இவை. பகலெல்லாம் நிழலும் கனியும் கொடுத்து உழைக்கிற மரம் இரவில்தான் தன் சுயரூபத்தைக் காட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. கறுப்புத் தாளுக்குக் காரணம் அதுதான். 2008இல் இத்தாலியின் பொலோன்யா குழந்தைகள் புத்தகக் கண்காட்சியில் ‘நியூ ஹொரைசன்ஸ்’ விருது இதற்குக் கிடைத்தது.

விருதுச் செய்தி உலகம் முழுக்கப் போனது. அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாக இழுத்து அச்சடித்தவர்களைப் பற்றிய செய்தி அவ்வளவு தூரம் போகவில்லை. அவர்களைப் பார்க்கத்தான் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் பட்டறைக்குப் போனேன். தாராவின் கையச்சுப் புத்தகங்கள் எல்லாம் உருவாவது அங்கே.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மையும் தின்னரும் கலந்த நெடி வந்துவிடுகிறது. நீள நீளமான மேசைகள். சுவரோரம் தட்டுத் தட்டாக அடுக்கிய கம்பி ரேக்குகள், ஒவ்வொரு தட்டிலும் ஒரே ஒரு தாள். பெரிய மிஷின் இருக்கும் என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். இங்கே நடப்பது ஸ்கிரீன் பிரிண்டிங். ஊரில் கல்யாணப் பத்திரிகைக்கும் ஜவுளிக்கடைப் பைக்கும் அடிக்கிறார்களே, அதே முறை.

வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ஒரு சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். அதன்மேல் ஒளி பட்டால் கெட்டிப்படும் ஒரு பூச்சை இருட்டறையில் தடவிக் காயவைப்பார்கள். படத்தின் பாசிட்டிவ்வை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினால், படத்தின் கறுப்பு மறைத்த இடங்கள் மட்டும் கெட்டிப்படாமல் நிற்கும். தண்ணீர் அடித்துக் கழுவியதும் அந்த இடங்களில் வலைக்கண் திறந்துகொள்ளும். பிறகு சட்டத்தைத் தாள்மேல் இறக்கி, ஓரத்தில் மையை ஊற்றி, ரப்பர் விளிம்பு வைத்த ஸ்க்வீஜியால் ஒரே சீராக இழுக்க வேண்டும். திறந்த கண்கள் வழியாக மை தாளில் இறங்கும். சட்டத்தைத் தூக்கு, தாளை எடு, ரேக்கில் போடு, அடுத்த தாளை வை.

இது ஒரு நிறம்தான். படத்தில் மூன்று நிறம் இருந்தால் மூன்று சட்டம். முதல் நிறம் நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவதைத் தொடலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு புத்தகத்துக்குப் பெரிய தாள் 10, இரண்டு பக்கமும் அச்சு, பக்கத்துக்கு 3 நிறம் என்று வைத்துக்கொள்வோம். 2,000 பிரதி அடிக்க 1,20,000 முறை ஒருவர் சட்டத்தை இறக்கி, மையை இழுத்து, மறுபடி தூக்க வேண்டும். பதிப்பகங்கள் மாதக்கணக்கில் காத்திருப்பது இதனால்தான். அவசரம் என்று கூடுதல் பணம் கொடுத்தாலும் மை காய எடுக்கும் நேரம் எடுக்கத்தான் செய்யும்.

நான் நெடுநேரம் நின்றது ஒரு மேசைப் பக்கம். நடுவயதுக்காரர் ஒருவர் ஸ்க்வீஜி பிடித்திருந்தார், இளைஞர் ஒருவர் தாள் வைத்துக் கொடுத்தார். மேசையில் மூன்று இடத்தில் சின்ன அட்டைத் துண்டுகளை ஒட்டியிருந்தார்கள், நீளப் பக்கத்தில் இரண்டு, அகலப் பக்கத்தில் ஒன்று. தாள் அந்த மூன்றிலும் முட்டி நின்றால்தான் இரண்டாவது நிறம் முதல் நிறத்தின்மேல் சரியாக உட்காரும். இதை ‘ரிஜிஸ்டர்’ என்கிறார்கள். மில் தாளென்றால் விளிம்பு நேராக இருக்கும், வைத்தால் நிற்கும். கைத்தாளுக்கு விளிம்பு அலையலையாக இருக்கிறது, தடிமனும் ஒரே அளவில் இல்லை. ஈரக் காற்றில் தாள் விரியும், வெயிலில் சுருங்கும். காலையில் அடித்த நிறத்தின்மேல் மறுநாள் அடுத்த நிறத்தை இறக்கும்போது தாளே அளவு மாறியிருக்கும். கடற்கரை ஊரில் இந்த வேலை செய்வது எத்தனை கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள்.

“அண்ணே, நூல் அளவு ஓடிருச்சு” என்றார் இளைஞர்.

பெரியவர் குனிந்து பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “தனியா எடுத்து வை” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி ஒரு தாளை என் கையில் கொடுத்தார். “இந்த மூலையைத் தடவிப் பாருங்க சார். தடிச்சிருக்கா? எதிர் மூலை சன்னமா இருக்கும். ஒரே அழுத்தத்துல இழுத்தா ஒரு பக்கம் மை கொழகொழன்னு நிக்கும், ஒரு பக்கம் வெளுத்துடும். இழுத்துட்டு வரப்பவே கையை மாத்தணும்.”

சொன்னபடியே செய்து காட்டினார். தோளிலிருந்து இறங்கிய இழுப்பு, பாதி வழியில் வலது மணிக்கட்டில் மட்டும் லேசான ஓர் அழுத்தம், முடிவில் விடுப்பு. அடுத்த தாளுக்கு அந்த அழுத்தம் வேறோர் இடத்தில் விழுந்தது. தாளை வைக்கும் இளைஞர் “மேல் மூலை” என்றோ “கீழே” என்றோ ஒரு சொல் கொடுப்பார், பெரியவர் அதற்கேற்ப இழுப்பார். கைத்தாள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படித்து அச்சடிக்கும் இந்த இருவரையும் எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் ஒரு படி கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கறுப்புத் தாளில் வெளிர் நிறம் அடிப்பது இன்னும் சிக்கல். மை நீர்த்துப்போனால் கறுப்பு மேலே தெரிந்துவிடும். கெட்டியாகிவிட்டால் வலைக்கண்ணை அடைத்துக்கொள்ளும். தோசை மாவைக் கரைப்பவர் கரண்டியைத் தூக்கிப் பார்ப்பதுபோல மை குழைப்பவர் கரண்டியைத் தூக்கி, அது வடிகிற வேகத்தைப் பார்க்கிறார். அளவுக் கோப்பை பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

ஓடிப்போன தாள்களையும், சட்டத்தைச் சோதிக்கவும் துடைக்கவும் பயன்படுத்திய தாள்களையும் வீசுவதில்லை. ஒரே தாளில் ஒரு மீனும் அதன்மேல் பாதி யானையும் குறுக்கே ஒரு மரக்கிளையும் விழுந்து கிடக்கும். அவற்றை வெட்டித் தைத்து நோட்டுப் புத்தகமாக்கி ‘ஃப்ளூக்புக்ஸ்’ என்ற பெயரில் விற்கிறார்கள். ஒரு நோட்டைப் போல இன்னொன்று இருக்காது. கடையில் சிறுவர்கள் முதலில் ஓடிப்போய் எடுப்பது அதைத்தான்.

புத்தகம் கட்டும் பகுதியில் பேச்சுச் சத்தம் அதிகம், வேலை வேகமும் அதிகம். தாளை மடித்து வரிசைப்படுத்தி, குத்தூசியால் துளையிட்டு, நூல் கோத்துத் தைத்து, முதுகில் பசை பூசி, கெட்டி அட்டைக்குள் ஒட்டிப் பளுவின் கீழ் வைக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பார்த்து, கறை பட்டதை ஒதுக்க ஒருவர் தனியாக இருக்கிறார்.

இது தொடங்கிய கதையையும் சொல்ல வேண்டும். கீதா வுல்ஃப் 1994இல் தாரா பதிப்பகத்தை ஆரம்பித்தார். வார்லி ஓவியப் பாணியில் இந்திரபிரமித் ராய் படம் வரைந்த ‘தி வெரி ஹங்ரி லயன்’ என்ற குழந்தைகள் கதைதான் முதல் கையச்சுப் புத்தகம். மாதிரிப் பிரதியை ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். கனடாப் பதிப்பகம் ஒன்று ஆயிரக்கணக்கில் பிரதிகள் கேட்டுவிட்டது. கையால் செய்த ஒரு மாதிரியை ஆயிரக்கணக்கில் பெருக்கியாக வேண்டிய அந்த நெருக்கடியில்தான் இந்தப் பட்டறை வேலைமுறை உருவானது. பதிப்பாசிரியராக நீண்ட காலம் உடனிருக்கும் வ. கீதாவைத் தமிழ் வாசகர்கள் எஸ்.வி. ராஜதுரையோடு சேர்ந்து பெரியார் பற்றி எழுதிய நூல்கள் வழியாக அறிவார்கள்.

எனக்கு இந்தப் பதிப்பகத்தின்மேல் மரியாதை வந்தது ஓவியர்களை அவர்கள் நடத்தும் விதத்தால். நாட்டார் ஓவியம் என்றாலே ‘பழங்குடிக் கலை’ என்று பொதுவாக எழுதிவிட்டு, வரைந்தவர் பெயரை விட்டுவிடும் வழக்கம் நம் நாட்டில் பலகாலமாக இருக்கிறது. காலண்டரில், புடவையில், ஓட்டல் சுவரில் எங்கும் அப்படித்தான். தாராவின் அட்டையில் ஓவியரின் பெயர் ஆசிரியர் பெயராகவே நிற்கிறது, ராயல்டியும் உண்டு. பஜ்ஜு ஷ்யாம் பாட்டன்கட் கிராமத்துக்காரர். கோண்ட் சுவரோவியத்தைத் தாளுக்கும் கான்வாஸுக்கும் கொண்டுவந்த ஜங்கட் சிங் ஷ்யாமின் உறவினர். லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவரில் வரையப் போனவர், அந்த ஊரைத் தன் காட்டுக் கண்ணால் பார்த்தார். பிக் பென் கடிகாரம் சேவலாயிற்று, பாதாள ரயில் மண்புழுவாயிற்று. அதுவே 2004இல் ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ ஆக வந்தது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ. பீகாரில் வீட்டுவேலை செய்தபடி மதுபனி ஓவியம் பழகிய துலாரி தேவியின் வாழ்க்கை ‘ஃபாலோயிங் மை பெயின்ட் பிரஷ்’ ஆக 2010இல் வந்தது. அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ. மூன்று மர ஓவியர்களில் ஒருவரான துர்கா பாய்க்கு 2022இல்.

அதே நியாயம் பட்டறைக்கும் கொஞ்சம் எட்டியிருக்கிறது. கையச்சுப் புத்தகங்களின் விவரப் பக்கத்தில் தயாரிப்புக்குப் பொறுப்பான சி. ஆறுமுகத்தின் பெயரும் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் பெயரும் இருக்கின்றன. ஜப்பானில் தாமுரா-டோ என்ற மிகச் சிறிய பதிப்பகம் மரங்களின் புத்தகத்தை ஜப்பானிய மொழியில் வெளியிட்டது. அந்த எழுத்துகளும் சென்னையில் இதே மேசைகளில்தான் கையால் அச்சாயின. 2017இல் டோக்கியோவின் இதாபாஷி கலை அருங்காட்சியகம் தாராவுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. பல தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பட்டறையைத் தெரியாது. டோக்கியோ வாசகர்களுக்குத் தெரியும். அது எனக்கு வருத்தம்தான்.

வருத்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடை அலமாரிகளில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலம். விலையும் ஒரு பள்ளி ஆசிரியர் தன் பிள்ளைக்கு யோசிக்காமல் வாங்கும் விலை இல்லை. அந்த விலையில் அநியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இத்தனை பேரின் கூலியை ஒழுங்காகக் கொடுத்தால் அவ்வளவு ஆகத்தான் செய்யும். ஆனால் முழுப் புத்தகத்தையும் கையால் அடிக்க முடியாத தமிழ்ப் பதிப்பாளர், அட்டையையாவது அடிக்கலாமே? அட்டை, தாள், எழுத்து எல்லாவற்றிலும் அழகு பார்த்த க்ரியா பதிப்பகம் 1974இல் இங்கேதான் தொடங்கியது. கே.எம். ஆதிமூலம் போன்ற ஓவியர்கள் தமிழ்ப் புத்தக அட்டைகளுக்குக் கோடும் எழுத்தும் வரைந்த ஊர் இது. இப்போது 300 பிரதி, தேவைப்பட்டால் இன்னும் 50 என்று கவிதைப் புத்தகங்கள் வருகின்றன. ஸ்கிரீனுக்கு இதைவிடப் பொருத்தமான எண்ணிக்கை கிடையாது.

இதைக் கேட்ட பதிப்பாள நண்பர் ஒருவர் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனார். தாள்கடைகளும் பத்திரிகைக் கடைகளும் நெருக்கியடித்திருக்கும் அந்தத் தெருவில் பிடித்த ஒரு ஸ்கிரீன்காரர் மூலம் ஒரு கவிதைத் தொகுப்பின் அட்டைக்கு மாதிரி அடித்துப் பார்த்திருக்கிறார். பழுப்புக் கைத்தாள், இரண்டு நிறம், 300 அட்டை. முதல் மாதிரியில் நீலம் கொஞ்சம் ஓடியிருந்தது, இரண்டாவது சரியாக உட்கார்ந்துவிட்டது. முகூர்த்த மாதம் முடிந்ததும் அடித்துத் தருவதாக ஸ்கிரீன்காரர் சொல்லியிருக்கிறார். விவரப் பக்கத்தில் போடுவதற்காக, மை குழைப்பவர், இழுப்பவர், தாள் வைப்பவர் மூவரின் பெயரையும் தலைப்பெழுத்தோடு எழுதி வாங்கி வைத்திருக்கிறார் நண்பர்.