தேயிலை இறங்கிய கம்பி வழி

போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில், மலையடிவாரத்தில் இருக்கிறது குரங்கணி. மேலே கேரள எல்லையில் டாப் ஸ்டேஷன். ரயில் இல்லாத மலைக்கு ‘ஸ்டேஷன்’ என்ற பெயர் எப்படி வந்தது?

மூணாறு தேயிலையைக் கொண்டுவர 1908-ல் அந்த உச்சிவரை சிறிய ரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் இரும்புக் கம்பியில் தொங்கியபடி அடிவாரத்துக்கு இறங்கின. மாட்டு வண்டிகள் போடிக்குக் கொண்டுபோயின. 1924 பெருவெள்ளம் ரயில் பாதையை அழித்தது. பின்னாளில் லாரிகள் வந்ததும் கம்பி வழியும் ஓய்ந்தது. அதன் சிதைவுகளைத்தான் இப்போது பயணிகள் பார்க்கிறார்கள். வழியிலுள்ள மலைக்கிராமம் ஒன்றுக்கு இன்றும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றே பெயர்.

அந்தச் சரிவுகளில் காபி, மிளகு, ஏலம் விளைகின்றன. தேயிலை கம்பியில் இறங்கிய மலையில், விவசாயியின் மூட்டை குதிரை முதுகிலும் மனிதர் தலையிலும் இறங்குகிறது. சுமைகூலி போக மிஞ்சுவதே அவருக்கு விலை. குரங்கணியிலிருந்து மேலே சாலை வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை.

பார்க்கச் செல்வோர் வனத்துறை அனுமதி பெற்றே மலையேற வேண்டும். 2018 மார்ச்சில் இங்கே காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்கக் கூடாது.